ஹொனோரா ஆரின்ரை பிள்ளை?

பரமேஸ்வரி எவரிடமும் மூன்று கேள்விகளுக்கு மேல் கேட்டதில்லை. எந்த ஊர்? அம்மா எந்த ஊர்? கலியாணம் முடித்தபின் அப்பா எந்த வீட்டில் போய் இருந்தார்? அவ்வளவுதான். மூன்றாவது பதில் வாயைவிட்டு வெளியே வருமுன்னமே, உங்கள் பாட்டனார் எந்தக் கோயில் திருவிழாவில் யாரோடு மல்லுக்கட்டினார், அந்தச் சண்டையால் எந்தப் பக்கத்துச் சொந்தம் இன்றுவரை பேசாமல் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும்.

கூட்டிச் சொல்வதாக நினைப்பீர்கள். குறைத்துத்தான் சொல்கிறேன். பாரிசின் பன்னிரண்டாம் இலக்க மெத்ரோ ரயிலில் ஒருநாள் டிக்கெட் பரிசோதகர் ஒருவர் பரமேஸ்வரியிடம் மாட்டிக்கொண்டார். பெயர் செபஸ்டியன், புதுச்சேரிக்காரர். பரமேஸ்வரி கைப்பைக்குள் டிக்கெட்டைத் துழாவியபடியே கேள்விகளைத் தொடங்கினார். மார்க்ஸ் டோர்மோய் நிலையம் வருவதற்குள், செபஸ்டியனின் பெரியம்மா வாழ்க்கைப்பட்ட காரைக்கால் வீட்டின் ஒரு கிளை பருத்தித்துறையில் வந்து முடிவதையும், அந்த வழியில் தான் அவருக்கு மாமி முறை என்பதையும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவிவிட்டார். செபஸ்டியன் கையெடுத்துக் கும்பிட்டார். டிக்கெட் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆகவே அபராதத்தையும் எழுதினார். "மருமகன் கடமையிலை கண்ணாயிருக்கிறார்" என்று பரமேஸ்வரி அந்த வருடம் முழுக்கப் பெருமைப்பட்டுத் திரிந்தார்.

அவர் தொழில்முறைக் கலியாணத் தரகர் அல்லர். எண்பதுகளில் அளவெட்டியிலிருந்து கணவரோடு வந்தவர். கண்ணாடிக் கோபுர அலுவலகங்களில் ஊர் விழிக்குமுன் நிலம் துடைத்தவர். கணவர் போய்ச் சேர்ந்தார், ஓய்வூதியம் வந்தது, பொழுது மிஞ்சியது. பாரிசில் எந்தத் தமிழ்ச் செத்தவீடு என்றாலும் அவர் அங்கே இருப்பார். அழுவதற்கு மட்டுமல்ல. பந்தம் பிடிக்கிற பிள்ளைகள் யார், வாய்க்கரிசி போட முதலில் எழும்புகிறவர் யார், வாசலோடு நின்றுவிட்டுப் போகிறவர் யார் என்று பார்த்துக்கொள்வார். படித்தவர்கள் நூலகத்துக்குப் போவதைப்போல அவர் செத்தவீட்டுக்குப் போனார். ஒன்றையும் எழுதி வைத்ததில்லை.

அப்படிச் சேர்ந்த அறிவைக் கேட்டு, பெண்ணையும் பையனையும் பெற்றவர்கள் தேடி வரத் தொடங்கினார்கள். லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஸ்ரீஸ்கந்தராசாவின் புடவைக்கடையில், சட்டைத் துணிச் சுருள்களுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்ரிக் முக்காலி உண்டு. அதுதான் அவருடைய அலுவலகம். கடைக்காரர் ஒருமுறை முக்காலியை மாற்றி நாற்காலி போட்டார். "நாற்காலியிலை இருந்தால் ஆக்கள் பொய் சொல்லுவினம், தம்பி. முக்காலியிலை கனநேரம் இருந்து பொய் சொல்லேலாது, முதுகு நோகும்" என்று பரமேஸ்வரி திருப்பி மாற்ற வைத்தார்.

ஊர் விசாரிப்பு என்பதற்குள் வேறொரு கேள்வி சம்மணம் கட்டி உட்கார்ந்திருக்கும். ஊரில் எந்தப் பக்கம், எந்தக் குறிச்சி என்று சுற்றிவளைத்து அதைத்தான் கேட்பார்கள். பரமேஸ்வரி அதைக் கேட்கமாட்டார். யாராவது கேட்கச் சொன்னால், "அந்தக் கேள்வியை நான் விமான நிலையத்திலை பெட்டி சுத்துற பட்டியிலை விட்டிட்டு வந்தனான். இன்னும் அங்கைதான் சுத்துதாம். வேணுமெண்டால் போய் எடுங்கோ" என்பார். இதனால் சில வீடுகள் அவரிடம் வருவதை நிறுத்தின. அவர் அந்த வீடுகளை எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

அவர் பார்த்தது தாய்வழி. அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார். நம் ஊரில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே வருகிறார். "ஆம்பிளையைத் தேடினால் அவர் போன இடமெல்லாம் நாங்களும் அலையவேணும். பொம்பிளையைத் தேடினால், வீடு அங்கையே நிக்கும், கிணறு அங்கையே கிடக்கும். ஏன் சும்மா அலைவான்?" இந்த ஒரு நம்பிக்கையை அவர் உலகம் முழுவதற்கும் பொருத்திக்கொண்டிருந்தார். பிரெஞ்சுக்காரர், அரபுக்காரர், சீனர் எல்லாரும் மனைவியின் சீதன வீட்டில்தான் வாழ்கிறார்கள் என்று உறுதியாக நம்பினார். அது தவறு என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டார்.

சென்ற வருடம் மாரிக்காலத்து ஞாயிறு ஒன்றில் தர்மராசா வந்து அந்த முக்காலிக்கு எதிரில் நின்றார். வேலணைக்காரர், குடும்பத்தோடு பாரிஸ் புறநகரான பியர்ஃபித்தில் குடியிருப்பவர். ஒரு பிரெஞ்சு உணவகத்தின் தலைமைச் சமையல்காரர். அவர் வைக்கிற மாட்டிறைச்சி வைன் கறியைச் சாப்பிட்டுவிட்டு, செத்துப்போன தங்கள் தாய்மாரை நினைத்துக் கண்கலங்குகிற பிரெஞ்சுக்காரர்கள் உண்டு. அதை அவர் ஒருநாளும் வாயில் வைத்துப் பார்த்ததில்லை. மணத்தை வைத்தே உப்புச் சொல்வார்.

"அக்கா, ஒரு விசாரிப்பு. மகள் லக்சனாவுக்கு."

"சந்தோசம். ஆர் பகுதி?"

"அமெரிக்கா."

"அமெரிக்காவிலை எந்த ஊர் ஆக்கள்? நீர்வேலிச் சனம் கொஞ்சம் நியூ ஜெர்சியிலை இருக்கு."

"அங்கத்தையான்தான், அக்கா. வெள்ளை. பேர் டெக்லன். இஞ்சை பள்ளிக்கூடத்திலை இங்கிலீசு படிப்பிக்கிறான்."

பரமேஸ்வரி கையிலிருந்த தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். தர்மராசா தொடர்ந்தார். அவர் சத்தம் போடவில்லை, அதுதான் ஆபத்து.

"நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை, அக்கா. சொன்னால் பிள்ளை என்னை மனிசன் எண்டு மதியாது. எங்கடை முறைப்படி விசாரிக்கட்டும் எண்டுதான் சொன்னன். எங்கடை பெடியன் ஒருத்தன் கேட்டு வந்தால் அடி நுனி பாக்கிறமோ இல்லையோ? உவனுக்கும் பாப்பம். அவன்ரை ஆக்கள் அமெரிக்காவிலை கால் வைச்ச நாள்வரைக்கும் போகவேணும். இடையிலை எங்கையெண்டாலும் 'தெரியாது' எண்டு ஒரு சொல் வந்தால், நான் மணவறைப் பக்கம் வரமாட்டன்."

"நீங்கள் வராட்டி லக்சனா செய்வாளோ?"

"செய்யமாட்டாள்" என்றார் தர்மராசா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தியும், அந்தத் திருப்தியைப் பற்றிய ஒரு வெட்கமும் சேர்ந்து வந்தன. "அப்பா வராமல் கலியாண எழுத்துமில்லை, தாலியுமில்லை எண்டு அவனிட்டையே சொல்லிப்போட்டாள். என்ரை பிள்ளை."

வெள்ளைக்காரர் யாருக்குப் பூட்டன் பெயர் தெரியும் என்பது அவருடைய கணக்கு. அது ஒரு நாகரிகமான மறுப்பு. பரமேஸ்வரிக்கும் அது விளங்கியது. ஆனால் ஒரு விசாரிப்பை ஏற்றுக்கொண்டு பாதியில் விடுகிற வழக்கம் அவரிடம் இல்லை.

"ஓம். பெடியனை வரச்சொல்லுங்கோ" என்றார்.

டெக்லன் வந்தான். நெடுநெடுவென்ற உயரம். முக்காலியில் உட்கார்ந்தபோது முழங்கால்கள் காதைத் தொட்டன. லக்சனா பக்கத்தில் மொழிபெயர்க்க நின்றாள். மருந்துக்கடை வேலை முடித்து வெள்ளைச் சட்டையோடே வந்திருந்தாள். பரமேஸ்வரி தன் மூன்று கேள்விகளையும் கேட்டார். அவன் தயங்காமல் சொல்லத் தொடங்கினான். பென்சில்வேனியாவில் ஒரு சிற்றூர். அம்மா பற்றீசியா, பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். அவருடைய அப்பா, அப்பாவின் அப்பா, இரும்பு உருக்கியவர்கள், குதிரைக்கு லாடம் அடித்தவர்கள், என்று படிப்படியாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தான். பரமேஸ்வரிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"எடி பிள்ளை, உவன் உங்கடை அப்பாவைவிட வடிவாய்ச் சொல்லுறான். இவ்வளவு ஆர் சொல்லிக் குடுத்தது?"

"அம்மாவுக்கு இதுதான் பொழுதுபோக்காம், அன்ரி. வீட்டுச் சுவர் முழுக்க ஒரு மரம் கீறி வைச்சிருக்கிறாவாம். ஆனால்…" லக்சனா தயங்கினாள். "ஒரு இடத்திலை நிக்குதாம்."

நின்ற இடத்தில் ஒரு பெண் இருந்தாள். ஹொனோரா. அமெரிக்கா என்று ஒரு நாடு உண்டாகுமுன்னமே அங்கே பிறந்தவள். ஜோன் கீஃப் என்பவரின் மனைவி. அயர்லாந்துக்காரரின் மகள் என்பது மட்டும் குடும்பத்தில் வாய்வழியாக வந்தது. யாருடைய மகள் என்பதற்கு, பற்றீசியாவின் சுவரில் ஒரு பெரிய கேள்விக்குறிதான் இருந்தது. அந்தப் பக்கத்துத் தேவாலயம் எரிந்தபோது ஞானஸ்நானப் பதிவுகளும் எரிந்துபோயின.

"தெரியாதாம், அன்ரி" என்றாள் லக்சனா. சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்தே அந்தச் சொல் வந்துவிட்டதை உணர்ந்து கையால் வாயைப் பொத்தினாள்.

"நீ அதைச் சொல்லேல்லை. நான் அதைக் கேக்கேல்லை" என்றார் பரமேஸ்வரி. "தாயைக் கூப்பிடு."

அன்று தொடங்கிய காணொளி அழைப்புகளைப் பற்றி லா சப்பலில் பல கதைகள் உண்டு. புடவைக்கடை இணைய இணைப்பே உருகிப்போனது என்பார் ஸ்ரீஸ்கந்தராசா. பரமேஸ்வரிக்கு ஆங்கிலம் தெரியாது, பற்றீசியாவுக்குத் தமிழும் பிரெஞ்சும் தெரியாது. இருந்தும் லக்சனா மொழிபெயர்த்து முடிப்பதற்குள் இரண்டு பேரும் தலையாட்டிச் சிரித்துவிடுவார்கள். ஒருவர் வைத்தியசாலைக் கதை சொன்னால் மற்றவரும் வைத்தியசாலைக் கதை சொன்னார். தன் முழங்காலைக் காட்டுவதற்காகப் பற்றீசியா கைபேசியைக் கீழே பிடித்தபோது கடையில் இருந்த பாதிப்பேர் அந்த முழங்காலைப் பார்த்தார்கள்.

"அவை ஜோனின்ரை பக்கத்தாலை எல்லாம் தேடிப்போட்டினமாம், அன்ரி. அவர் ஆமியிலை இருந்தவர், எங்கெங்கையோ போனவர், ஒண்டும் கிடைக்கேல்லையாம்."

"ஆம்பிளையைத் தேடினால் அப்பிடித்தான். ஹொனோராவின்ரை மூத்த பெட்டைக்கு என்ன பேராம்?"

"சபீனா."

பரமேஸ்வரி அந்தப் பெயரை இரண்டுமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு எழும்பிக் குளிர்ச்சட்டையை மாட்டினார். "அயர்லாந்துக்காரர் ஆராவது இஞ்சை இருக்கினமோ?"

கார் து நோர் ரயில் நிலையப் பக்கமாக ஓர் ஐரிஷ் மதுச்சாலை உண்டு. சேலைக்கு மேல் குளிர்ச்சட்டையும் கம்பளித் தொப்பியுமாக அவர் அதற்குள் நுழைந்தபோது, உள்ளே உதைபந்தாட்டம் பார்த்துக் கத்திக்கொண்டிருந்த அத்தனை ஆண்களும் வாயை மூடினார்கள் என்று டெக்லன் சத்தியம் செய்கிறான். பரமேஸ்வரி உயரமான கதிரையில் ஏற மறுத்து, நின்றபடியே சுடுபால் கேட்டார். பரிமாறியவர் அயர்லாந்தின் திப்பரேரிக்காரர், கிழவிகளோடு வளர்ந்தவராக இருக்கவேண்டும், பாலைக் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தார்.

"தம்பியிட்டைக் கேள், லக்சனா. அவையள் பிள்ளையளுக்கு எப்பிடிப் பேர் வைக்கிறவை?"

பரிமாறியவர் விரல் மடித்துச் சொன்னார். பழைய வழக்கப்படி மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர். மூத்த மகளுக்குத் தாயின் தாய் பெயர். தன் அக்காவுக்கும் அப்படித்தான், அதனால் வீட்டில் 'பெரிய கேற், சின்ன கேற்' என்று எப்போதும் குழப்பம்.

"பாத்தியே! எங்கடை ஆக்கள்தான்" என்றார் பரமேஸ்வரி, ஏதோ காணாமற்போன தம்பியைக் கண்டுபிடித்தவர் போல. அயர்லாந்துக்காரர் எல்லாரும் ஒரு காலத்தில் காங்கேசன்துறையில் கப்பல் ஏறியவர்கள்தான் என்று அன்றிலிருந்து அவர் சொல்லிவருகிறார். அதை நான் இங்கே ஆதரிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை.

ஆக, ஹொனோராவின் தாய் சபீனா. அது ஒரு நூல். ஆனால் அந்தக் காலத்து அமெரிக்கக் காட்டில் வாழ்ந்த ஒரு சபீனாவை எங்கே தேடுவது? அடுத்த ஞாயிறு பரமேஸ்வரி மூன்றாவது கேள்வியைக் கேட்டார்.

"கலியாணம் முடிச்ச பிறகு ஜோன் எந்த வீட்டிலை போய் இருந்தவர்?"

ஒரு ஓடைக்கரையில், என்றார் பற்றீசியா. சின்னக் காணி. அவர்கள் அங்கேதான் வாழ்ந்து செத்தார்கள்.

"அது ஹொனோராவின்ரை சீதனக் காணிதானே? அதை எழுதிக் குடுத்த ஆள் ஆரெண்டு பாக்கச் சொல்லு. அவர்தான் தகப்பன்."

லக்சனா மொழிபெயர்க்கவில்லை. "அன்ரி, அங்கை சீதனம் இல்லை. அங்கை பொம்பிளைதான் மாப்பிள்ளை வீட்டை போறது. காணி ஜோன் வாங்கினதாய்த்தான் இருக்கும்."

"விசர்க்கதை கதையாதை. ஆமியிலை அலைஞ்ச மனிசனிட்டைக் காணி எங்காலை வந்தது? பெத்த பிள்ளையை வெறுங்கையோடை அனுப்புற தாய்தகப்பன் எந்த நாட்டிலையும் இல்லை. நீ கேள்."

"ஐயோ அன்ரி, அவ சிரிப்பா!"

"சிரிக்கட்டும். சிரிச்சுப்போட்டுப் பாக்கட்டும்."

பற்றீசியா உண்மையாகவே சிரித்தார். ஜோனின் காணி ஜோனுடையது என்பதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அந்தக் காலத்து அமெரிக்காவைப் பற்றித் தெரிந்த எவருக்கும் அந்தச் சந்தேகம் வந்திருக்காது. அளவெட்டி மனுசிக்கு மட்டுந்தான் வரும், அதுவும் பிழையாக. ஆனால் பஸ் ஓட்டியவர்களுக்கு ஒரு குணம் உண்டு. வழியில் யாராவது கைகாட்டினால் நிறுத்தாமல் போக மனம் வராது. பற்றீசியா காணிப் பதிவுக் கந்தோருக்குப் போனார்.

மூன்று நான்கு வாரம் சத்தமில்லை. தர்மராசா கடைப்பக்கம் வந்து புடவை பார்ப்பதுபோலப் பார்த்து, "என்னக்கா, தெரிஞ்சுதோ தெரியேல்லையோ?" என்று இரண்டு தரம் கேட்டார். "கதவு திறக்கேக்கை சொல்லுறன்" என்று பரமேஸ்வரி அனுப்பிவிட்டார். லக்சனா மெலிந்துபோனாள். டெக்லன் கடைக்கு வந்து துணிச் சுருள்களை இறக்கி ஏற்றி உதவிவிட்டுப் போனான்.

பிறகு ஒரு மாலை கைபேசியில் பற்றீசியாவின் முகம் வந்தது. மூக்கு சிவந்திருந்தது. காணி ஜோன் வாங்கியதல்ல. முன்னர் அது எட்மண்ட் டுவையர் என்பவருடையது. அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. ஒரே மகளும் மருமகனும் தன்னைச் சாகும்வரை பார்க்கவேண்டும் என்று சொல்லி அவர்களுக்கு விட்டுப்போயிருந்தார். மகள் பெயர் ஹொனோரா.

"சீதனம்" என்றார் பரமேஸ்வரி. அது சீதனம் அல்ல, மகனில்லாதவரின் ஏற்பாடு என்று லக்சனா விளக்க வாயெடுத்தாள். பார்த்தாள், விட்டுவிட்டாள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

ஆனால் பற்றீசியா இன்னும் முடிக்கவில்லை. எட்மண்ட், சபீனா என்று இரண்டு பெயர்களும் சேர்ந்து கையில் கிடைத்ததும், அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் தேடியிருக்கிறார். மேரிலாந்துத் தோட்ட முதலாளி ஒருவர் கொடுத்த விளம்பரம் அகப்பட்டது. தன் வேலையாள் எட்மண்ட் டுவையர், அயர்லாந்தில் பிறந்தவன், குள்ளன், முகத்தில் அம்மைத் தழும்பு, தன் வீட்டுப் பணிப்பெண் சபீனாவையும் கூட்டிக்கொண்டு ஓடிவிட்டான். போகும்போது ஒரு குதிரையையும் கொண்டுபோய்விட்டான். பிடித்துத் தருபவருக்குச் சன்மானம்.

பற்றீசியாவுக்கு ஆனந்தம் பிடிபடவில்லை. சட்டம் போட்டு நடு வீட்டில் மாட்டப் போவதாகச் சொன்னார். பரமேஸ்வரியின் முகத்தில் இரத்தமே இல்லை. ஆயுள் முழுக்கச் சம்பந்தம் பேசியவர் அவர். ஓடிப்போனவர். கூட்டிக்கொண்டு ஓடிப்போனவர். குதிரை. இந்த மூன்றில் ஒன்று போதும், எந்தப் பேச்சையும் குழப்ப.

"அன்ரி, அப்பாவுக்கு உதைச் சொல்லத் தேவையில்லைத்தானே?" என்றாள் லக்சனா மெதுவாக. "தகப்பன் எட்மண்ட், காணிக்காரர். தாய் சபீனா. அது பொய்யில்லையே. அப்பா கேட்டது அவ்வளவுதானே."

உண்மையில் பரமேஸ்வரி அந்த வித்தையில் கைதேர்ந்தவர். பொய் சொல்லமாட்டார், எந்த உண்மையை முதலில் வைப்பது, எதைப் பலகாரத் தட்டு வந்தபிறகு வைப்பது என்பதில்தான் அவருடைய திறமை. முன்கோபக்காரரை 'உறுதியானவர்' என்பார். ஒன்றும் பேசாதவரை 'வீட்டோடை இருப்பார்' என்பார். அன்று அந்த வித்தையை அவர் எடுக்கவில்லை.

"அந்தப் பிள்ளைக்குத் தாயையும் தகப்பனையும் இப்பத்தான் தேடிக் குடுத்திருக்கிறம்" என்றார். "அவை ஆரெண்டதை நாங்களே ஒளிச்சால், ஹொனோராவுக்குத் திரும்பவும் ஒருத்தருமில்லை. நான் அதைச் செய்யமாட்டன், லக்சனா."

"அப்ப என்ரை கலியாணம்?"

"அது எனக்குத் தெரியாது, மோனை." 'தெரியாது' என்ற சொல்லை அவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று லக்சனா பின்னர் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் பியர்ஃபித் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். லக்சனாவின் தாய் தயாளினி வடையும் கேசரியும் கொண்டுவந்து வைத்தார். டெக்லன் ஒரு மூலையில் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தான். தர்மராசா நீதிபதி போலக் கால்மேல் கால் போட்டிருந்தார். பரமேஸ்வரி வடையைத் தொடாமல் தொடங்கினார். பற்றீசியா, அவருடைய தகப்பன், பாட்டன், பூட்டன், இரும்பு உருக்கியவர், லாடம் அடித்தவர், ஜோன், ஜோனின் மனைவி ஹொனோரா. ஓதுவார் தேவாரம் சொல்வதைப்போல ஓரிடத்திலும் தடக்காமல் சொன்னார்.

"ஹொனோரா ஆரின்ரை பிள்ளை?" என்று கேட்டார் தர்மராசா. இந்த இடத்துக்காகவே காத்திருந்தவர்போல.

"எட்மண்ட் டுவையரின்ரை பிள்ளை. தாய் சபீனா. எட்மண்ட் அயர்லாந்திலை இருந்து கப்பலிலை வந்து இறங்கினவர். நீங்கள் கேட்ட இடம் அதுதான், தர்மராசா."

தர்மராசா காலைக் கீழே இறக்கினார். லக்சனா பரமேஸ்வரியின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். பரமேஸ்வரி தலைப்பைப் பறித்துக்கொண்டார்.

"இன்னும் இருக்கு. எட்மண்டும் சபீனாவும் மேரிலாந்திலை ஒரு முதலாளியிட்டை வேலைக்கு நிண்டவை. அங்கையிருந்து இரண்டு பேரும் இரவோடிரவாய் ஓடினவை. போகேக்கை முதலாளியின்ரை குதிரையையும் கொண்டு போனவை. பேப்பரிலை வந்தது."

"பாத்தியளே!" தர்மராசா கதிரையிலிருந்து எழும்பியே விட்டார். "நான் சொன்னனான்! அடியிலை ஏதோ இருக்குமெண்டு சொன்னனான்! ஓடினவனோ? பொம்பிளையையும் கூட்டிக்கொண்டு?"

"ஓம்."

"ஏன் ஓடினவன்? வேலை பிடிக்கேல்லையோ?"

"சம்பளமில்லை. ஏழு வருசம் சும்மா வேலை செய்யவேணும். கப்பலிலை ஏத்திக்கொண்டு வந்ததுக்கு."

தர்மராசா கதிரையின் முதுகைப் பிடித்தார். "ஆள் ஏத்துற ஏஜென்சிக்காரன்" என்றார். "அப்பவும் இருந்திருக்கிறாங்கள்."

"அப்பிடித்தான்."

"கடதாசி ஆரிட்டை?"

"முதலாளியிட்டை. அவன் குடுத்தால்தான் இவை வெளியிலை நடமாடலாம்."

"எங்கை படுக்கிறது?"

பரமேஸ்வரி டெக்லனைப் பார்த்தார். லக்சனா மொழிபெயர்த்தாள். அந்த மாதிரி ஆட்கள் பெரும்பாலும் சமையற்கட்டிலோ குதிரை லாயத்திலோ படுத்தார்கள் என்று டெக்லன் சொன்னான்.

தர்மராசா யன்னலருகே போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஓர் உணவகத்தின் கீழறையில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் படுத்து எழும்பியவர். அகதி வழக்குக் கடதாசியை முதலாளி தன் இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தார். வீட்டில் இதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. லக்சனாவுக்குத் தெரியவே தெரியாது.

"நீங்கள் ஓடி வந்தது பின்பக்க யன்னலாலை" என்றார் தயாளினி, கேசரியைத் தட்டில் போட்டபடி. "என்னட்டைச் சொன்னனீங்கள்."

"நீர் பேசாமல் இரும்." தர்மராசா திரும்பினார். "குதிரை எண்டு சொன்னியளே, அக்கா. இரண்டு பேருக்கும் ஒண்டோ?"

"ஒண்டுதான்."

"ஏழு வருசம் இரண்டு பேர் சும்மா வேலை செய்ததுக்கு ஒரு குதிரை காணாது! இரண்டெண்டாலும் எடுத்திருக்கவேணும். மடையன்." அவருக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. எட்மண்ட் மீதல்ல. "அந்த முதலாளி பேந்து பிடிச்சவனோ அவையை?"

"பிடிச்சிருந்தால் காணி வாங்கியிருப்பினமோ? பிள்ளை பெத்திருப்பினமோ? உந்தா, உந்த மூலையிலை நெடுவல் ஒண்டு இருந்திருக்குமோ?"

எல்லாரும் டெக்லனைப் பார்த்தார்கள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பார்க்கப்படுகிறோம் என்பதற்காக ஒரு வடையை எடுத்துக் கடித்தான். உள்ளே பச்சைமிளகாய். கண்ணில் நீர் முட்டியது. துப்பவில்லை, மென்று விழுங்கினான்.

தர்மராசா அதைக் கவனித்தார். அவன் எதிரில் போய் நின்று, பிரெஞ்சில், ஒரு சமையல்காரர் இன்னொரு சமையல்காரரின் தட்டைப் பற்றி விசாரிக்கிற பாரத்தோடு கேட்டார்: "உன்னுடைய அம்மாவுக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளுமா?"

லக்சனா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். டெக்லன் தனக்குத் தெரியாது என்று தோளைக் குலுக்கிவிட்டு, உதவி கேட்டுப் பரமேஸ்வரியைப் பார்த்தான்.

"அது ஒண்டைத்தான் நான் விசாரிக்கேல்லை" என்றார் பரமேஸ்வரி. மனுசி உண்மையாகவே கவலைப்பட்டார். கையில் எடுத்த வடையைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு, "தயாளினி, கெதியாய்ப் போனை எடும். அங்கை இப்ப காலமைதான்; கோயிலுக்கு வெளிக்கிடமுன்னம் பிடிக்கவேணும்" என்று எழும்பினார்.